மூக்கில் தொங்கிய படகு

பகல் பன்னிரண்டரை. படகுத்துறையின் மரத்தூணில் ஒரு சின்னத் துடுப்புப் படகு மூக்கால் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கம் மட்டும் தண்ணீரைத் தொட்டது. காலையில் துறையின் விளிம்பு வரை தளும்பிய கடல் இப்போது இரண்டு ஆள் உயரம் இறங்கிவிட்டது. கூடவே இறங்க முடியாமல் படகு அகப்பட்டுக்கொண்டது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏய், இங்க பாரேன்! படகைத் தூக்குல போட்டிருக்காங்க" என்று நாலு பக்கமும் நின்று செல்போனில் படம் எடுத்தாள்.

ஆந்தை சிரிக்கவில்லை. துறையோரத்துப் பெஞ்சில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தலைநகரத்துக் குற்றப்பிரிவில் அவள் பெரிய அதிகாரி. ராத்திரியெல்லாம் விழித்திருப்பவள் என்று கீழே வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ஆந்தை. முன்பெல்லாம் வேலைக்காக விழித்திருந்தாள். இப்போது வேலை இல்லாவிட்டாலும் தூக்கம் வருவதில்லை. கடற்காற்று பட்டால் சரியாகும் என்று டாக்டர் விடுப்பு எழுதிக் கொடுத்தார். பாவம், அவர் அக்காவைப் பார்த்ததில்லை. வந்த நாளிலிருந்து வெள்ளை மணல், குகை, கலங்கரை விளக்கம் என்று அக்கா தங்கையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு திரிந்தாள். ஊர் அழகான ஊர்தான். ஆனால் அழகைப் பார்க்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

படகுக்காரன் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"எந்த மடையன்டா என் படகைத் தொட்டது? இப்படியா கட்டுவான்? மூக்கே பிஞ்சு போயிருக்குமே!"

தூணில் இருந்த முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. அவிழ்த்துப் பார்த்துச் சலித்து, இடுப்புக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். படகு தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. முடிச்சு மட்டும் தூணிலேயே தங்கிவிட்டது.

அப்போதுதான் கரையில் யாரோ ஒரு பெண் அலறினாள். எதிரே, கடலுக்குள் நிற்கும் துளைப்பாறையை அவள் கை காட்டியது. நடுவில் வாசல் போல ஓட்டை விழுந்த பாறை அது. சூரியன் அந்த ஓட்டை வழியாக உதிப்பதைப் பார்க்கத்தான் இந்த ஊருக்கு ஜனங்கள் வருகிறார்கள். கடல் வற்றியதில் அதன் அடியில் பாசிக்கற்கள் தெரிந்தன. கற்களின் மேல் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது. சட்டைக்குள் ஆள் இருந்தார்.

ஆந்தை கண்ணைத் திறந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். லீவு முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

பிற்பகல் மூன்று மணி. உள்ளூர் போலீஸ் நிலையம். இறந்தவர் ஒரு கட்டட இன்ஜினியர். ஆந்தையும் அக்காவும் தங்கியிருந்த அதே விடுதியில், மாடி அறைகளில் நாலு பேராக வந்து தங்கியிருந்தார்கள். இன்ஜினியர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, இன்ஜினியரோடு தொழில் செய்யும் கூட்டாளி. பாறையின் மேல்தட்டிலிருந்து விழுந்திருக்கிறார். பின்மண்டையில் அடி. செத்து எட்டு ஒன்பது மணி நேரம் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர்.

உள்ளூர் இன்ஸ்பெக்டர் இளம் வயதுக்காரர், சுறுசுறுப்பானவர். ஆந்தையின் பேரைக் கேட்டதும் விறைப்பாக நின்றார்.

"கேஸ் முடிஞ்சிடுச்சு மேடம். படகுக்காரனைப் பிடிச்சு வச்சிருக்கோம்."

"அதுக்குள்ளயா?"

"இன்ஜினியர் பாறைக்குப் போயிருக்கார். படகு திரும்பி வந்திருக்கு. படகு தானா வந்து தன்னைத் தானே கட்டிக்காது. கூட்டிட்டுப் போன ஆள்தான் திரும்பி வந்திருக்கான். வந்தவன் வாயைத் திறக்கலைன்னா என்ன அர்த்தம்?"

"சரி. அது ஏன் படகுக்காரனா இருக்கணும்?"

இன்ஸ்பெக்டர் மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். உள்ளே தூணிலிருந்து எடுத்த முடிச்சு.

"இதைப் பாருங்க. டூரிஸ்ட் போடுற முடிச்சா இது? கை பழகினவன் போட்டது. அதோட, முந்தாநாள் துறையில அத்தனை பேர் முன்னாடி அவன் என்ன சொன்னான்னு நீங்களே கேட்டிருப்பீங்களே?"

கேட்டிருந்தாள். முந்தாநாள் காலை விடுதியில் தங்கியிருந்தவர்கள் ஒன்றாகத் துளைப்பாறைக்குப் போனார்கள். இன்ஜினியர், கொஞ்ச நேரம் தன்னைப் பாறையிலேயே தனியாக விட்டுவிட்டுப் போகும்படி கேட்டார். கடல் ஏறும், முடியாது என்றான் படகுக்காரன். வார்த்தை தடித்தது. கரைக்கு வந்ததும் அவன் கத்தினான்: "ஒரு நாள் உன்னை அந்தப் பாறையிலயே விட்டுட்டு வர்றேன், அப்பத் தெரியும்!" கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் சொன்னபடி நடந்துவிட்டால் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"நாளைக்கு மத்தியானம் கோர்ட்டுக்கு அனுப்பறேன் மேடம். நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

நிம்மதி விடுதி அறையில் காத்திருக்கவில்லை. அங்கே படகுக்காரனின் மனைவி காத்திருந்தாள். விடுதியில் அறைகளைக் கூட்டித் துடைப்பவள் அவள். எட்டு மாத வயிற்றோடு துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"அம்மா, நீங்க பெரிய போலீஸ்னு சொல்றாங்க. எங்க வீட்டுக்காரரு காலையில எட்டு மணி வரைக்கும் வீட்ல குறட்டை விட்டுட்டு இருந்தாரும்மா. நான் சொன்னா, பொண்டாட்டி சாட்சி செல்லாதுங்கறாங்க. வேற யாரைம்மா நான் சாட்சிக்குக் கூப்பிடறது? வயித்துல இருக்கறதையா?"

ஆந்தை நாற்காலியை இழுத்துப் போட்டு முதலில் அவளை உட்கார வைத்தாள். தனக்கு இங்கே அதிகாரம் ஏதும் இல்லை, விடுப்பில் வந்த விருந்தாளி மட்டுமே என்பது நினைவுக்கு வந்தது. நாளை மதியம் வரை நேரம் இருக்கிறது என்பதும் வந்தது. அவளுக்கு மிகவும் அலுப்பாக இருந்தது.

மாலை ஐந்து மணி. மாடி வராந்தா. முதலில் மைத்துனன் வந்தான். சரக்குக் கப்பலில் வேலை. கழுத்தும் கையும் வெயிலில் கறுத்திருந்தன.

"காலையில எங்க இருந்தீங்க?"

"தூக்கம். கப்பல்ல நிம்மதியாத் தூங்க முடியாது. லீவுலதான் தூங்குவேன்."

ஆந்தைக்கு அவன் மேல் பொறாமையாக இருந்தது.

"மாமாவோட சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன். மறைக்க என்ன இருக்கு? அவர் உத்தமரா இருக்கப் போறார்னு எங்கக்கா நடுத்தெருவுல நிக்கணுமா?"

"புரியலையே."

"எங்கக்காவையே கேளுங்க."

"முடிச்சுப் போடத் தெரியுமா?"

அவன் வறட்சியாகச் சிரித்தான். "கப்பல்காரன்கிட்ட கேக்கற கேள்வியா இது? கண்ணைக் கட்டிட்டுப் போடுவேன்."

அடுத்து இன்ஜினியரின் மனைவி. அழுது ஓய்ந்த முகம். கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

"போன வருஷம் இவங்க கட்டின பள்ளிக்கூடச் சுவர் ஒண்ணு இடிஞ்சு விழுந்துச்சு. அங்க வேலை செஞ்ச ஆயா ஒருத்தங்க அதுல போயிட்டாங்க. மழையாலதான்னு எல்லாரும் சொன்னாங்க. இவர் மட்டும் அன்னிக்கிலேர்ந்து தூங்கவே இல்லை. அடுத்த வாரம் விசாரணை. உள்ளதை உள்ளபடி சொல்லிடப் போறேன், ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லைன்னார். மனசு கொஞ்சம் ஆறட்டும்னு அண்ணன்தான் எங்களை இங்க கூட்டிட்டு வந்தார்."

"அண்ணன்னா?"

"அவரோட கூட்டாளி. எனக்குக் கூடப் பிறக்காத அண்ணன். அவங்க ரெண்டு பேர் அப்பாவுக்கும் அணைக்கட்டுல வேலை. பக்கத்துப் பக்கத்து வீடு. பள்ளிக்கூடம் அக்கரையில. ஒண்ணாப் போய் ஒண்ணா வந்தவங்க."

"காலையில உங்க வீட்டுக்காரர் கிளம்பினப்ப நீங்க முழிச்சிருந்தீங்களா?"

"ஆறு மணிக்குப் பார்த்தேன், படுக்கை காலி. தினமும் விடியறதுக்கு முன்னாடியே நடக்கப் போயிடுவார். ஒருவேளை... அவரே..."  புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியாகக் கூட்டாளி. பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவர் கண்ணுக்குக் கீழேயும் கறுப்பு வளையம்.

"நான் எட்டு மணிக்குத்தாங்க எந்திரிச்சேன். எனக்குக் கடல்னாலே ஆகாது. கால் வச்சாலே தலை சுத்தும். முந்தாநாள் எல்லாரும் படகுல போனப்பகூட நான் துறையிலயே நின்னுட்டேன், நீங்களே பார்த்தீங்களே."

"பார்த்தேன்."

"அவன் போயிட்டான். இனிமே தங்கச்சியை நான்தான் பார்த்துக்கணும். அந்தப் படகுக்காரனை விட்டுடாதீங்கம்மா."

ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. அக்கா கட்டிலில் சாய்ந்து செல்போன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். "ஒரு இடம்கூட ஒழுங்காப் பார்க்க விடல. அலை அடிச்சா தண்ணியைப் பீச்சுமாமே, அந்த ஊதுபாறை வேற பாக்கி" என்று முணுமுணுத்தாள். திடீரென்று ஒரு படத்தில் நின்றாள்.

"இதப் பாரு. முந்தாநாள் எடுத்தது. படகை எவ்வளவு நீளக் கயித்துல கட்டி வச்சிருக்கான் பாரு. அது பாட்டுக்கு நடுக்கடல்ல நிக்குது. இழுத்து ஓரமாக் கொண்டு வர்றதுக்குள்ள எனக்குக் கால் கடுத்துப்போச்சு. பக்கத்துல நின்னாரே அந்தப் பெரிய உடம்புக்காரர், அவர்கூடச் சொல்லல? 'ரெண்டு முழம் விட்டாப் போதுமே, படகு துறையை ஒட்டி நிக்கும், கட்டத் தெரியல'ன்னு?"

ஆந்தை செல்போனை வாங்கினாள். நீளக் கயிற்றில் மிதக்கும் படகைப் பார்த்தாள். அடுத்து மூக்கால் தொங்கும் படகைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். கயிறு இரண்டு முழம்கூடத் தேறாது.

"அக்கா, நாளைக்குக் காலையில கடல் எப்ப நிறைஞ்சு இருக்கும்?"

"ஏழு, ஏழரைக்கு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிப் போகும்னு விடுதிக்காரம்மா சொன்னாங்க. ஏன், போலாமா?" அக்கா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"போலாம். எல்லாரையும் கூட்டிட்டுப் போலாம்."

மறுநாள் காலை ஏழரை. துறையின் பலகைகளை நனைத்துக்கொண்டு கடல் தளும்பி நின்றது. ஆந்தை சொன்னாள் என்பதற்காக இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். முகத்தில் அவ்வளவு இஷ்டம் தெரியவில்லை. இன்ஜினியரின் மனைவி, மைத்துனன், கூட்டாளி மூவரும் ஓரமாக நின்றார்கள். பாறையை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தாள்.

படகு அவிழ்ந்து துறையை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. அதில் அக்கா ஏறி நின்றாள். கயிற்றின் நுனி ஆந்தையின் கையில் இருந்தது.

"ஐயோ, ஆடுதே! விழுந்துடுவேன்டி!" என்று அக்கா கூவினாள். நடிக்கச் சொல்லியிருந்தது உண்மைதான். ஆனால் அவள் நிஜமாகவே பயந்துவிட்டாள்.

"பிடிங்க, கட்டுங்க சீக்கிரம்!" ஆந்தை கயிற்றை வீசினாள். கூட்டாளியின் நெஞ்சில் போய் விழுந்தது.

அவர் பிடித்தார். குனிந்தார். தூணை ஒரு சுற்று, மேலே ஒரு வளையம், கீழே ஒரு இழுப்பு. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. படகு துறையோடு ஒட்டி ஆடாமல் நின்றது. அவர் நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார். பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

 இன்ஸ்பெக்டர் பையிலிருந்த முடிச்சை எடுத்துத் தூணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அச்சு.

"முடிச்சுப் போட்டா கொலையா?" என்றார் கூட்டாளி. குரல் இன்னும் மெலிந்திருந்தது. "இவனுக்கும் தெரியுமே!" என்று மைத்துனனைக் காட்டினார்.

"இல்லைங்க. முடிச்சுப் போட இங்க மூணு பேருக்குத் தெரியும்" என்றாள் ஆந்தை. பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "நீங்களும் உட்காருங்க. கொஞ்ச நேரம் ஆகும்."

"எதுக்கு?"

"கடல் இறங்கறதுக்கு."

அவர் உட்கார்ந்தார்.  எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. விடுதியிலிருந்து அக்கா டீ வாங்கி வந்தாள். கூட்டாளியின் டம்ளர் ஆறிப்போய் ஆடை கட்டியது. தண்ணீர் துறைத்தூண்களை விட்டு மெல்ல இறங்கியது. ஈரப் பாசி ஒரு பட்டையாகத் தெரிந்தது. கயிறு முதலில் நேரானது. பிறகு விறைத்தது. பத்து மணிக்குப் படகின் மூக்கு மெதுவாக மேலே தூக்கத் தொடங்கியது.

ஆந்தை அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். சத்தமாகப் பேசவில்லை.

"இன்ஸ்பெக்டர், நீங்க முடிச்சைப் பார்த்தீங்க. கயித்தோட நீளத்தைப் பார்க்கல. நேத்து நீங்க வர்றதுக்குள்ள படகுக்காரன் அதை அறுத்துட்டான். அவன் பிறந்ததுலேர்ந்து இந்தக் கடல் ஏறி இறங்கறதைப் பார்க்கறவன். கப்பல்காரனும் அப்படித்தான். இவங்க ரெண்டு பேரும் அவசரத்துல முடிச்சை வேணா மாத்திப் போடுவாங்க, கயித்தைக் குட்டையா விடமாட்டாங்க. இதைக் கட்டினவருக்குப் படகு நல்லாப் பழக்கம். ஆனா அவர் பழகின தண்ணி காலையில இருந்த இடத்துலயே சாயந்திரமும் இருக்கும். அணைத் தண்ணி."

மனைவி தலையை உயர்த்தினாள்.

"பள்ளிக்கூடம் அக்கரையிலன்னு நீங்கதான் சொன்னீங்க. அணைக்கட்டுல அக்கரைக்கு எப்படிப் போவாங்க?"

"படகுல" என்றாள் அவள். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் துடுப்பு போடுவாங்களாம். அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கார்." கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, கடல்ல தலை சுத்தும்னீங்களே?"

அவர் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து விடியக்காலையில சூரியன் பார்க்கலாம்னு அவரைக் கூப்பிட்டிருக்கீங்க" என்று ஆந்தை தொடர்ந்தாள். "இந்த ஊர்ல துடுப்பு படகுலயே கிடக்கும், யாரும் பூட்டறதில்லை. கடல் நிறைஞ்சிருந்தப்ப தனியாத் திரும்பி வந்தீங்க. படகை இருந்த இடத்துலயே கட்டிட்டா, உடம்பு எங்க ஒதுங்கினாலும் மனசொடிஞ்ச மனுஷன் தானே கடல்ல விழுந்துட்டார்னு போயிடும். சரியான யோசனைதான். அன்னிக்குத் துறையில நின்னு படகுக்காரனுக்குக் கட்டத் தெரியலன்னு சொன்னீங்க இல்லையா? அதனால நீங்க ஒழுங்காக் கட்டினீங்க. அவன் கட்டற மாதிரியே கட்டியிருந்தா படகை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. படகை எடுத்தது யாருன்னு நடுத்துறையில நின்னு கத்தினதே அவன்தான். கொலை செஞ்சவன் அப்படிக் கத்துவானா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். வெயில் ஏறியிருந்தது.

கூட்டாளி வாயைத் திறந்தார்.

"கெஞ்சினேங்க. சுவர்ல கம்பியைக் குறைச்சது நான்தான். அவன் கையெழுத்து மட்டும்தான் போட்டான். வாயை மூடிட்டு இரு, எல்லாம் ஓஞ்சுடும்னு அந்தப் பாறை மேல உட்கார்ந்து கெஞ்சினேன். 'தூங்கணும்டா, ஒரு ராத்திரி தூங்கினாப் போதும்'னான். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். தள்ளிட்டேன்." ஆறிய டம்ளரைத் தள்ளி வைத்தார். "நானும் அதுக்கப்புறம் தூங்கல."

படகு இப்போது பாதி உடம்பு தண்ணீருக்கு மேலே நின்றது. மரத்தூண் கிரீச்சென்றது.

மனைவி எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று மைத்துனன் ஓரடி முன்னால் வந்தான். அவள் அடிக்கவில்லை.

"அவருக்கு நீச்சல் கத்துக்கொடுத்ததே நீங்கதானே அண்ணே" என்றாள்.

அந்தப் பெரிய உடம்பு அப்போதுதான் குலுங்கியது.

பதினொன்றரைக்குப் படகுக்காரனை விட்டார்கள். அவன் நேராக வீட்டுக்குப் போகவில்லை. துறைக்குத்தான் ஓடிவந்தான். வழியில் நின்ற மனைவியின் கையைப் பிடித்துக் கூடவே அழைத்துக்கொண்டான். பிறகு தொங்கும் படகைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "மறுபடியுமா!" என்று கத்தியை எடுத்தான். மைத்துனன் போய்ப் படகைத் தாங்கிப் பிடித்தான். அறுத்து இறக்கி, புதுக் கயிறு போட்டு, தாராளமாக நீளம் விட்டுக் கட்டினார்கள்.

"சரி, எந்திரி" என்றாள் அக்கா. "ஊதுபாறையைப் பார்த்துட்டு வந்துடலாம். இன்னிக்கு விட்டா..."

 ஆந்தை பெஞ்சின் முதுகில் தலையைச் சாய்த்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு செருப்பு கழன்று கீழே கிடந்தது.

அக்கா உலுக்குவதற்குக் கையை நீட்டினாள். படகுக்காரன் மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கட்டும்மா" என்றாள். "பாறை எங்கயும் போயிடாது."